ஆறாவது முதல் எட்டாவது வரை: பள்ளி டென்ஷனில் தவிக்கும் பிள்ளைக்கு வீட்டிலிருந்து செய்ய வேண்டியவை

கிராமத்து ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் ஐந்தாவது வரை படித்த பிள்ளைக்கு டீச்சர் என்றால் இரண்டு பேர், மிஞ்சிப் போனால் மூன்று. அந்த டீச்சருக்கு இந்தப் பிள்ளையின் அப்பாயி பேர் தெரியும், தாத்தாவுக்கு முடியாமல் கிடப்பது தெரியும், நேற்று விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டது கூடத் தெரியும். அடுத்த ஜூனில் அதே பிள்ளை பஸ் ஏறி மன்னார்குடிக்கோ பாபநாசத்துக்கோ போகிறது. பாடத்துக்கு ஒரு ஆசிரியர், வகுப்பில் நாற்பது ஐம்பது தலைகள், பெல் அடித்தால் ஆள் மாறுகிறார், பேர் சொல்லிக் கூப்பிட யாருமில்லை. உடம்பு மாற ஆரம்பிப்பதும் இதே வயசில்தான். இரண்டும் சேர்ந்து வரும்போது தடுமாறாத பிள்ளைதான் அபூர்வம்.

நான் கும்பகோணம் பக்கம் சாயங்காலம் டியூஷன் எடுப்பவள். ஐந்தரை மணிக்கு வந்து உட்காரும் முகங்களைத் தினமும் பார்க்கிறேன். பிள்ளை சோர்ந்து போனதும் வீட்டில் முதலில் நடப்பது இரண்டு: உட்கார வைத்துப் புத்தி சொல்வது, இல்லையென்றால் என்னிடம் கொண்டுவந்து சேர்ப்பது. இரண்டையும் கொஞ்ச நாள் தள்ளிப் போடுங்கள் என்றுதான் சொல்வேன், என் வருமானத்துக்கு அது நல்லதில்லை என்றாலும். பிள்ளையின் நாளில் எந்த மணி நேரத்தில் இறுக்குகிறது என்று கண்டுபிடிப்பதுதான் முதல் வேலை. பல நேரம் அது பாடத்தில் இருக்காது. பஸ்ஸில் இருக்கும், பசியில் இருக்கும், கழிப்பறையில் இருக்கும், வெளிநாட்டிலிருந்து வரும் அப்பாவின் போனில்கூட இருக்கும்.

படி 1: உடம்பு சொல்வதைக் கவனியுங்கள்

பதினோரு வயசுப் பிள்ளை வந்து "எனக்கு மன அழுத்தமா இருக்கும்மா" என்று சொல்லப்போவதில்லை. வயிறு வலிக்கிறது என்று சொல்லும், தலை வலிக்கிறது என்று சொல்லும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வரை துள்ளிக்கொண்டிருந்தது, பொழுது சாய்ந்ததும் மூஞ்சியைத் தொங்கப்போட்டுக்கொள்ளும். தங்கச்சியைக் காரணமே இல்லாமல் அடிக்கும், நகத்தை ரத்தம் வரக் கடிக்கும், எப்போதோ நின்றுபோன படுக்கை நனைப்பு திரும்ப வரும், டிபன் பாக்ஸ் மூடியைத் திறக்காமல் அப்படியே வீட்டுக்கு வரும். எதைக் கேட்டாலும் "சும்மா", "ஒண்ணுமில்ல", "மறந்துட்டேன்".

"பள்ளிக்கூடம் போகாம இருக்க நடிக்கிறான்" என்பது வீட்டில் யாராவது ஒருவர் கட்டாயம் சொல்லும் வாக்கியம். பயம் வந்தால் மூளை உடம்பை ஓடுவதற்கோ சண்டைக்கோ தயார் செய்கிறது. அட்ரினலின், கார்டிசால் என்று ஹார்மோன்கள் சுரக்கின்றன, நெஞ்சு படபடக்கிறது, குடலுக்குப் போகிற ரத்தம் குறைந்து கைகால் தசைகளுக்குத் திரும்புகிறது, குடலின் அசைவே மாறிப்போகிறது. அதனால் காலை எட்டு மணிக்கு வரும் அந்த வயிற்று வலி நிஜமான வலிதான். லீவு என்று சொன்னதும் பத்து நிமிஷத்தில் சரியாகிவிட்டால் பொய் சொன்னதாக ஆகாது, பயம் போனதும் வலியும் போய்விட்டது, அவ்வளவுதான்.

செய்ய வேண்டியது இது. அடுப்படியில் தொங்கும் மாதக் காலண்டரில், வலி என்று சொன்ன நாளில் பென்சிலால் ஒரு புள்ளி வையுங்கள், பிள்ளைக்குத் தெரிய வேண்டியதில்லை. மூன்று நான்கு வாரத்தில் புள்ளிகள் ஏதாவது ஒரு கிழமையில் கூடுகிறதா என்று தெரிந்துவிடும். செவ்வாய்க்கிழமையில் கூடினால் டைம்டேபிளை எடுத்துச் செவ்வாய்க்கிழமை என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

கூடவே ஒரு தடவை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போய்விடுங்கள். ரத்தசோகை, பூச்சித் தொல்லை, சொத்தைப் பல், கண் பார்வை இந்த நான்கையும் பார்த்துவிட்டால் பாதிச் சந்தேகம் தீரும். போர்டு தெரியாத பிள்ளை அதைச் சொல்வதில்லை, பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதுகிறது, அதற்கு அடி வாங்குகிறது, கடைசியில் "கவனம் இல்லை" என்று பேர் வாங்குகிறது. அரசுப் பள்ளியில் படிக்கும் பிள்ளை என்றால் அங்கேயே கண் பரிசோதனை செய்து இலவசமாகக் கண்ணாடி தரும் ஏற்பாடும் உண்டு, வகுப்பாசிரியரிடம் கேளுங்கள். பெண் பிள்ளை என்றால் மாதவிடாய் தொடங்கும் வயசு இது என்பதை நினைவில் வையுங்கள். பையில் ஒரு நாப்கினும் ஒரு மாற்று உள்ளாடையும் முன்கூட்டியே இருந்தாலே ஒரு பெரிய பயம் குறையும். வயசுக்கு வந்த சடங்கை வகுப்புப் பையன்களுக்கெல்லாம் தெரிகிற மாதிரி பள்ளிக்கூட ரோட்டில் பிளெக்ஸ் வைத்துக் கொண்டாடுவது பற்றி எனக்குக் கடுமையான கருத்து இருக்கிறது, அதை இங்கே விட்டுவிடுகிறேன். பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வையுங்கள்.

படி 2: ஒரு நாளைத் தாளில் எழுதிப் பாருங்கள்

எல்லாப் படிகளிலும் இதுதான் முக்கியம், இதை மட்டும் செய்தால்கூடப் போதும். ஒரு தாளை எடுத்து இடது பக்கம் மணி, வலது பக்கம் பிள்ளை அப்போது எங்கே, யாருடன், சாப்பிட்டதா என்று எழுதுங்கள். தெரியாத இடத்தைக் காலியாக விடுங்கள். அந்தக் காலி இடங்கள்தான் நமக்கு வேண்டியது.

என்னிடம் வந்த ஏழாவது படிக்கும் பையன் ஒருவனின் நாளைச் சொல்கிறேன், வலங்கைமான் பக்கத்துக் கிராமம். ஐந்தரைக்கு எழுந்திருக்கிறான். ஏழு பத்துக்கு ஒரு பஸ், அதை விட்டால் எட்டே முக்காலுக்கு, அது பள்ளிக்கு லேட். ஆகவே ஏழு பத்து. அந்நேரத்துக்குச் சாப்பாடு இறங்காது, ஒரு டம்ளர் டீயும் இரண்டு பிஸ்கட்டும். ஏழே முக்காலுக்குப் பள்ளி வாசல், ஆனால் மணி அடிப்பது ஒன்பதுக்கு மேல். சாயங்காலம் நாலேகாலுக்குப் பள்ளி விட்டு, இரண்டு பஸ் நிற்காமல் போய், ஐந்தரைக்கு டியூஷன், ஏழரைக்கு முடிந்து அப்பா வண்டியில் வீடு, சாப்பாடு, வீட்டுப்பாடம், பின்னால் டிவி ஓடிக்கொண்டிருக்கிறது, பதினோரு மணிக்குப் படுக்கை. கணக்குப் போட்டால் தூக்கம் ஆறரை மணி நேரம். ஆறிலிருந்து பன்னிரண்டு வயசு வரை ஒன்பது முதல் பன்னிரண்டு மணி நேரம், பதிமூன்று ஆகிவிட்டால் எட்டு முதல் பத்து மணி நேரம் தூக்கம் தேவை என்பது தூக்க மருத்துவர்கள் சொல்லும் அளவு.

அவனுடைய அம்மா வந்தது கணக்கில் மார்க் குறைந்ததற்காக, கூடுதலாக இன்னொரு மணி நேரம் எடுக்க முடியுமா என்று கேட்க. தாளில் எழுதியபோது ஏழே முக்காலிலிருந்து ஒன்பது வரை காலியாக நின்றது. அந்நேரம் என்ன செய்வாய் தம்பி என்று கேட்டதற்கு "சும்மா நிப்போம்" என்றான், குரல் இறங்கிவிட்டது. இரண்டு மூன்று நாள் கழித்து மெதுவாக வந்தது விஷயம்: அதே பஸ்ஸில் வரும் எட்டாவது பையன்கள் அவனைப் பை தூக்க வைக்கிறார்கள், கையில் காசு இருந்தால் கடைக்கு அனுப்புகிறார்கள், மறுத்தால் பட்டப்பேர். முதல் இரண்டு பீரியடும் கணக்கு. காலை வெறும் வயிற்றோடு ஒன்றேகால் மணி நேரம் பயந்து நின்றவனுக்குப் பின்னம் எப்படிப் புரியும்? பள்ளியில் பேசி, சீக்கிரம் வரும் பஸ் பிள்ளைகள் அலுவலக வராந்தாவில் உட்கார்ந்து படிக்கலாம் என்று ஏற்பாடானது. டியூஷன் நேரத்தை நான் கூட்டவில்லை.

உங்கள் தாளிலும் மூன்று இடங்களைக் குறிப்பாகப் பாருங்கள்: பஸ், மதியச் சாப்பாட்டு நேரம், பள்ளி விட்ட பிறகான அரை மணி நேரம். பெரியவர் கண் படாத நேரங்கள் இவை. பஸ்ஸில் கண்டக்டர் "பாஸ் பசங்க எல்லாம் பின்னால போ" என்று கத்துவது நமக்குச் சாதாரணம், பதினோரு வயசில் அது நாள் முழுக்கக் கூடவே வரும்.

படி 3: பேச்சை ஆரம்பிக்கும் விதம்

எதிரே உட்கார வைத்து, கண்ணைப் பார்த்து, "என்னதான் உன் பிரச்சினை, சொல்லு" என்று கேட்டால் ஒரு பிள்ளையும் சொல்லாது. கை வேறு வேலையில் இருக்க வேண்டும், கண் வேறு பக்கம் இருக்க வேண்டும். தலை பின்னும்போது, மொச்சை உரிக்கும்போது, மாட்டுக்குப் புல் அறுக்கப் போகும்போது, எல்லாவற்றையும்விட வண்டியில் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு போகும்போது. வாய்க்கால் கரையில் மெதுவாக ஓட்டினால் ஊர் வந்து சேர்வதற்குள் பாதி விஷயம் வந்துவிடும்.

கேள்வியும் மாற வேண்டும். "இன்னைக்கு என்ன நடத்துனாங்க", "எத்தனை மார்க்கு" இரண்டுக்கும் ஒரு வார்த்தையில் பதில் வரும். "சாப்பாட்டை யார்கூட உக்காந்து சாப்பிட்ட?" என்று கேளுங்கள். "பஸ்ஸுல இன்னைக்கு சீட்டு கிடைச்சுதா?" என்று கேளுங்கள். பதில் இப்படிப் போகலாம்:

"தனியாதான் சாப்பிட்டேன்."

"ஏம்ப்பா, முத்து வரலையா?"

"அவன் இப்போ வேற செட்டோட."

"ஓ. எப்போலேர்ந்து?"

"காலாண்டு லீவு முடிஞ்சதுலேர்ந்து."

"கஷ்டமாதான் இருக்கும்."

இங்கே நிறுத்திவிடுங்கள். "நீ போய்ப் பேச வேண்டியதுதானே", "அவன் இல்லாட்டி வேற ஆளா இல்ல" என்று அடுத்த வாக்கியத்தை நாக்கு தயாராக வைத்திருக்கும், விழுங்கிவிடுங்கள். மறுநாள் பிள்ளையே மிச்சத்தைச் சொல்லும். "எங்க காலத்துல நாங்க ஆத்தைத் தாண்டி நடந்தே போனோம்" என்பதையும் இந்த வருஷத்துக்கு மூட்டை கட்டி வையுங்கள். நீங்கள் நடந்தது உண்மைதான், ஆனால் நாலு மணிக்குத் திரும்பி வந்தபோது உங்களுக்கு டியூஷன் இருக்கவில்லை.

அப்பா சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ இருக்கும் வீடுகள் நம் பக்கம் எத்தனை! கூத்தாநல்லூர், முத்துப்பேட்டை, பட்டுக்கோட்டை என்று தெருவுக்குப் பத்து வீடு இருக்கும். சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. இங்கே எட்டரை என்றால் அங்கே பதினொன்று, வேலை முடித்து அலுத்துப்போய் வீடியோ காலில் வரும் மனுஷனுக்கு நினைவில் வரும் முதல் கேள்வி "நல்லாப் படிக்கிறியா, எத்தனை மார்க்கு?" பிள்ளை போனுக்கு முன்னால் அட்டென்ஷனில் நிற்கும். அந்த மனுஷனுக்கு அக்கறை இல்லாமல் இல்லை, வேறு எதைக் கேட்பது என்று தெரியவில்லை. ஆகவே அம்மாக்கள் ஒன்று செய்யலாம்: மத்தியானமே ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டு வைத்துவிடுங்கள், "தம்பி இன்னைக்கு ஓட்டப் பந்தயத்துல ரெண்டாவதா வந்தான், அதைப் பத்திக் கேளுங்க, மார்க்கு பேச்சு வேணாங்க" என்று. வாரத்தில் ஒரு அழைப்பாவது மார்க் இல்லாமல் போகட்டும்.

படி 4: வயிறு, தண்ணீர், தூக்கம்

2022இல் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் ஒன்றாவது முதல் ஐந்தாவது வரைக்கான திட்டம். ஐந்தாவது வரை பள்ளியிலேயே சூடாக உப்புமாவோ பொங்கலோ சாப்பிட்ட பிள்ளை ஆறாவதில் சேர்ந்ததும் மதியச் சத்துணவு வரை காத்திருக்க வேண்டியிருக்கிறது. நடவு, களை என்று அம்மா விடியற்காலையில் வயலுக்குப் போகும் வீட்டில் இந்த மாற்றத்தை யாரும் கவனிப்பதில்லை, பிள்ளையும் சொல்லாது. பதினொன்றரைக்கு வரும் எரிச்சலும் தலைவலியும் பாதி பசிதான். பழைய சோறும் மோரும் போதும், அவித்த முட்டை ஒன்று இருந்தால் இன்னும் நல்லது. அந்நேரம் இறங்கவில்லை என்றால் கடலை மிட்டாய், வாழைப்பழம், சுண்டல் ஏதாவது பையில் போட்டு, பஸ் இறங்கியதும் சாப்பிடச் சொல்லுங்கள்.

தண்ணீர் பாட்டில் நிரம்பியபடியே திரும்பி வருகிறதா? கழிப்பறை எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். தாழ்ப்பாள் இல்லை, தண்ணீர் வரவில்லை என்பதற்காகக் காலையிலிருந்து சொட்டுத் தண்ணீர் குடிக்காமல் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெண் பிள்ளைகள் நிறையப் பேர். தலைவலி, நீர்க்கடுப்பு, பாடத்தில் கவனமின்மை எல்லாம் அதிலிருந்து வரும். இது பிள்ளையிடம் பேசித் தீர்க்கிற விஷயமில்லை, பெற்றோரும் ஆசிரியரும் சேர்ந்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் எழுந்து கேட்க வேண்டிய விஷயம், நாலு அம்மாக்கள் சேர்ந்து போங்கள்.

பருவ வயசில் தூக்கம் வரும் நேரமே தள்ளிப்போகிறது, அது சோம்பேறித்தனம் இல்லை. எழுந்திருக்கும் நேரத்தைப் பஸ் முடிவு செய்கிறது, ஆகவே படுக்கும் நேரத்தைத்தான் நாம் முன்னுக்கு இழுக்க முடியும். ஒன்பது மணிக்கு மேல் போன் அம்மாவின் தலைமாட்டில், அப்பாவுடையதும் சேர்த்து. டிவி ஓடும் அறையிலேயே பிள்ளை படுக்க வேண்டிய வீடு என்றால் சீரியலைத்தான் தியாகம் செய்ய வேண்டும், வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

படி 5: வீட்டுக் கவலை பிள்ளைக்கு எப்படிப் போகிறது என்று பாருங்கள்

இதை நகரத்து ஆலோசனைகளில் பார்க்க முடியாது, நம் பக்கத்துக்கே உரியது. பள்ளி திறப்பது ஜூனில். பாசனத்துக்கு மேட்டூர் அணையைத் திறக்கும் வழக்கமான நாளும் ஜூன் 12. ஷூ, நோட்டு, ஃபீஸ், பஸ் செலவு ஒரு பக்கம், குறுவை நெல்லுக்கு உழவுக் கூலி, விதை, உரம் இன்னொரு பக்கம், இரண்டுக்கும் பணம் ஒரே மாதத்தில் வேண்டும். கூட்டுறவுச் சங்கத்துக் கடன் வருமா, நகையை வைப்பதா என்று திண்ணையில் பேச்சு நடந்துகொண்டிருக்கும்போதுதான் பிள்ளை வந்து "ஜாமெட்ரி பாக்ஸ் வேணும்ப்பா" என்று நிற்கும், அப்பா எரிந்து விழுவார். செப்டம்பர், அக்டோபரில் குறுவை அறுவடை, நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் குவித்துவிட்டு ஈரப்பதம் அதிகம் என்று காத்துக் கிடக்கும்போது அங்கே காலாண்டுத் தேர்வு. நவம்பர், டிசம்பரில் சம்பாப் பயிர் தண்ணீரில் நிற்கும்போது அரையாண்டு. பிள்ளைகளுக்குக் காது நன்றாகவே கேட்கும். கேட்டதை வைத்து, நடப்பதைவிட மோசமாகக் கற்பனை செய்துகொள்வார்கள். "எங்களைப் பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்திருவாங்களா மிஸ்" என்று ஒரு ஆறாவது படிக்கும் பெண் என்னிடம் கேட்டிருக்கிறாள், வீட்டில் அப்படி ஒரு பேச்சே இல்லை.

ஆகவே ஒளிக்காமல், அளவாகச் சொல்லிவிடுங்கள். "இந்த மாசம் கையில காசு முடை. உன் படிப்புக்கு ஒண்ணும் ஆகாது. ஷூ மட்டும் அடுத்த மாசம் வாங்கலாம்." இந்த மூன்று வாக்கியம் போதும். கடைசியில் சொன்னபடி ஷூவை வாங்கிக் கொடுத்துவிட வேண்டும், அது முக்கியம். "உனக்காகத்தான் இவ்வளவு கஷ்டப்படுறோம்" என்பதைத் தவிர்த்துவிடுங்கள். பாசத்தில் சொல்கிறோம், பிள்ளைக்கு அது கடன் கணக்காகக் கேட்கிறது.

மழைக்காலம் தனிக் கதை. காலையில் கலெக்டர் லீவு விட்டாரா என்று வாட்ஸ்அப்பைப் பார்த்தபடி யூனிஃபார்மோடு உட்கார்ந்திருப்பது ஜாலியாகத்தான் இருக்கும், ஆனால் அந்த லீவுகளுக்கெல்லாம் சேர்த்துச் சனிக்கிழமை வகுப்பு வரும், பாடம் ஓட்டமாக ஓடும், அரையாண்டு தலைக்கு மேல் நிற்கும். லீவு நாளில் ஒரு மணி நேரம், ஒரே ஒரு பாடம், அதற்கு மேல் வேண்டாம். மிச்ச நேரம் விளையாடட்டும்.

படி 6: படிப்புச் சுமையைப் பிரிப்பது

முதலில் பிள்ளைக்கும் உங்களுக்கும் தெரிய வேண்டியது: தமிழ்நாட்டில் மாநிலப் பாடத்திட்டத்தில் எட்டாவது வரை யாரையும் ஃபெயில் போடுவதில்லை. 2024 டிசம்பரில் மத்திய அரசு தன் பள்ளிகளுக்கு அந்த விதியை மாற்றியபோதும் தமிழ்நாடு மாற்றவில்லை. "ஃபெயிலாயிட்டா மாடு மேய்க்கப் போ" என்று மிரட்டுவதற்கு அர்த்தமே இல்லை. மாடு மேய்ப்பதைத் தண்டனையாகச் சொல்வதும் நம் வீட்டு வேலையை நாமே கேவலப்படுத்துவதுதான்.

தமிழ் வழியில் படித்துவிட்டு ஆறாவதில் ஆங்கில வழிக்கு மாறிய பிள்ளைக்கு முதல் ஆறு மாதம் அறிவியலும் சமூக அறிவியலும் சுவர் மாதிரி நிற்கும். பாடத்தை முதலில் தமிழ்ப் புத்தகத்தில் ஒரு தடவை வாசிக்கச் சொல்லுங்கள், தெருவில் தமிழ் வழியில் படிக்கும் யாரிடமாவது இருக்கும், இல்லையென்றால் பாடநூல் கழகத்தின் தளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. விஷயம் புரிந்துவிட்டால் ஆங்கில வார்த்தையைப் பிடிப்பது அவ்வளவு சிரமமில்லை.

வீட்டுப்பாடத்துக்கு இருபது இருபத்தைந்து நிமிஷம், பிறகு ஐந்து நிமிஷம் எழுந்து நடை, மறுபடி இருபது. கஷ்டமான பாடம் முதலில், பிடித்த பாடம் கடைசியில். "நாளைக்கு என்ன கொண்டு போகணும்?" என்பதை வீடு திரும்பியதுமே கேட்டுவிடுங்கள். இரவு ஒன்பதரைக்கு "சார்ட் வேணும்மா" என்று பிள்ளை அழ, மூடிய ஸ்டேஷனரிக் கடைக்காரர் வீட்டுக் கதவைத் தட்டாத பெற்றோர் நம் ஊரில் யார்?

எட்டாவது பிள்ளைகளுக்குத் தேசிய வருவாய்வழி மற்றும் திறன் படிப்புதவித் தேர்வு ஒன்று சேர்ந்துகொள்ளும், எல்லோரும் என்.எம்.எம்.எஸ். என்பார்கள். அரசு, அரசு உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகளுக்கானது, குடும்ப வருமானம் ஆண்டுக்கு 3.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். தேர்வானால் ஒன்பதாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய். நல்ல வாய்ப்பு, எழுதட்டும், மனத்திறன் கேள்விகள் பல பிள்ளைகளுக்குப் பிடிக்கவும் செய்யும். ஆனால் காலை ஸ்பெஷல் கிளாஸ், சாயங்காலம் ஸ்பெஷல் கிளாஸ், அதற்கு மேல் டியூஷன் என்று மூன்றும் கூடாது. அந்தச் சில மாதம் டியூஷனை நிறுத்திவிடுங்கள்.

டியூஷன் பற்றிக் கேட்டால் என் கணக்கு இது: ஒரு பாடம் புரியவில்லை என்றால் அந்த ஒரு பாடத்துக்கு, வாரம் மூன்று நாள். எல்லாப் பாடத்துக்கும் தினமும் என்றால் அது பிள்ளையை வைத்துக்கொள்ள ஓர் இடம். வயலிலிருந்து வீட்டுக்கு வர ஏழு மணியாகும் பெற்றோருக்கு அந்த இடம் தேவைப்படுகிறது, அதைத் தப்பென்று சொல்லமாட்டேன், அங்கே விளையாடவும் விடுகிறார்களா என்று பார்த்துச் சேருங்கள்.

படி 7: படபடப்பு வந்தால் அந்த நிமிஷத்தில்

மூக்கால் நாலு எண்ணி உள்ளே, ஆறு எண்ணி மெதுவாக வெளியே, ஏழெட்டுத் தடவை. வெளியே விடும் மூச்சு நீளமாக இருந்தால் இதயத் துடிப்பு இறங்கும், அதைச் செய்வது வேகஸ் என்ற நரம்பு. தேர்வு அறையில் முதன்முதலாகச் செய்தால் வேலைக்கு ஆகாது, படுக்கப் போகும்போது நீங்களும் சேர்ந்து பத்து நாள் செய்து பழக்கிவிடுங்கள். இது தவிர தினமும் ஒரு மணி நேரம் உடம்பு வியர்க்கிற மாதிரி விளையாட்டு, சைக்கிளோ கபடியோ எதுவோ. ஆற்றில் குளிக்கப் போவது பிள்ளைகளுக்குப் பெரிய விடுதலைதான், ஆனால் தண்ணீர் திறந்துவிட்ட நாட்களில் வெண்ணாறும் குடமுருட்டியும் நேற்றுப் பார்த்த ஆறாக இருக்காது, மணல் அள்ளிய பள்ளம் எங்கே என்று யாருக்கும் தெரியாது. நீச்சல் தெரிந்த பெரியவர் இல்லாமல் அனுப்பாதீர்கள்.

படி 8: கேலி, போன், பள்ளியில் பேசுவது

நிறம், உடம்பு, அப்பா செய்யும் வேலை, சாதி, இவற்றை வைத்து வரும் கேலிக்கு "கண்டுக்காத" என்று சொல்வது பிள்ளையைத் தனியாக விடுவதற்குச் சமம். யார், எங்கே, எத்தனை தடவை, யார் பார்த்தார்கள் என்று நிதானமாகக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப் குரூப்பில் நடந்தது என்றால் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பிள்ளை தானாக வந்து காட்டினால் போனைப் பிடுங்காதீர்கள், அடுத்த முறை காட்டாது. இன்ஸ்டாகிராமில் கணக்குத் தொடங்கவே பதிமூன்று வயசு ஆக வேண்டும் என்பது அந்த நிறுவனத்தின் விதி, ஆறாவது பிள்ளைக்கு அது தேவையில்லை என்று சொல்ல உங்களுக்கு இந்த ஒரு காரணம் போதும்.

பள்ளிக்குப் போவதென்றால் காலை மணி அடிக்கும் நேரத்தில் வாசலில் நின்று சத்தம் போட்டால் அன்றைக்கு நம் கோபம் தீரும், பிள்ளை வருஷம் முழுக்க அதைச் சுமக்கும். பள்ளி விட்ட பிறகு வகுப்பாசிரியரிடம் நேரம் கேட்டுப் போங்கள். "என் பொண்ணு புதன்கிழமை காலையில அழுவுறா டீச்சர், கடைசி பெஞ்சுல மூணு பேரு பட்டப்பேரு வைக்கிறாங்களாம், இடத்தை மாத்தி உக்கார வைக்க முடியுமா?" என்று ஒரே ஒரு கோரிக்கையோடு பேசினால் பெரும்பாலும் நடக்கும். நடக்கவில்லை என்றால் தலைமையாசிரியர், பிறகு பள்ளி மேலாண்மைக் குழு, அதற்கு மேல் பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417. அடிப்பதும் மனம் நோகப் பேசி அவமானப்படுத்துவதும் 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவுப்படி தடை செய்யப்பட்டவை. "ரெண்டு போடு போடுங்க சார்" என்று நாமே சொல்லி வைத்துவிட்டுப் பிறகு புகார் செய்ய முடியாது, அதையும் நிறுத்த வேண்டும்.

படி 9: வெளி உதவி எப்போது

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் சாப்பாடும் கெட்டிருந்தால், பிடித்த விளையாட்டையே விட்டுவிட்டால், பள்ளிக்குப் போகவே மாட்டேன் என்று தினமும் அடம் பிடித்தால், கையில் கீறல்கள் தெரிந்தால், "நான் இல்லாட்டி உங்களுக்கு நல்லது" என்கிற மாதிரி ஒரு வார்த்தை வந்தால் வீட்டு வைத்தியம் போதாது. கடைசி இரண்டுக்கும் இரண்டு வாரம் காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே. செத்துப்போகணும்னு தோணுதா என்று நேராகக் கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் வராது. தனியாக விடாதீர்கள். நம் வீடுகளில் பூச்சிமருந்தும் களைக்கொல்லியும் திண்ணை மூலையிலோ மாட்டுக் கொட்டகையிலோ கிடக்கும், இன்றைக்கே பூட்டு போட்ட இடத்துக்கு மாற்றுங்கள், சாவி பெரியவர் இடுப்பில் இருக்கட்டும். பிள்ளைக்கு ஒன்றுமில்லை என்றாலும் மாற்றுங்கள்.

குறிப்பிட்ட ஓர் ஆளையோ இடத்தையோ கண்டு திடீரென்று பயப்படும் பிள்ளை, டியூஷனுக்குப் போகமாட்டேன் என்று காரணம் சொல்லாமல் அழும் பிள்ளை என்றால் பாலியல் தொல்லையா என்று யோசிக்க வேண்டும். திட்டாமல் கேளுங்கள், சொல்வதை நம்புங்கள், 1098 குழந்தைகள் உதவி எண்ணை அழையுங்கள். பிள்ளைகளைப் பாலியல் தொல்லையிலிருந்து காக்கும் 2012 போக்சோ சட்டம் ஆண் பிள்ளைகளுக்கும் உண்டு.

மனநல ஆலோசனைக்கு டெலி மானஸ் என்ற அரசு உதவி எண் 14416, நாள் முழுக்க, கட்டணமில்லை, தமிழில் பேசலாம். நேரில் பார்க்க வேண்டுமென்றால் தஞ்சாவூர், திருவாரூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளுக்குப் போகலாம். மாவட்ட மனநலத் திட்டம் எல்லா மாவட்டத்திலும் இருக்கிறது, அரசு மருத்துவமனையில் கேட்டால் எந்தக் கிழமை எங்கே என்று சொல்வார்கள். மனநல மருத்துவரிடம் போனால் ஊர் பேசும், நாளைக்குப் பொண்ணு கொடுக்க மாட்டார்கள் என்று அப்பாயி புலம்பலாம். மந்திரித்துக் கயிறு கட்டுவது அவருக்கு ஆறுதல் என்றால் கட்டிக்கொள்ளட்டும், ஆனால் டாக்டரிடம் போவதை அதற்காக ஒரு நாள்கூடத் தள்ளிப் போடாதீர்கள். போகும்போது காலண்டர் தாளையும் படி 2இல் எழுதிய தாளையும் கையில் கொண்டு போங்கள். டாக்டர் முதலில் கேட்கும் கேள்விகளுக்குப் பாதிப் பதில் அதிலேயே இருக்கும்.

அந்தத் தாளைக் காலாண்டு, அரையாண்டு லீவு முடிந்து பள்ளி திறக்கும் வாரங்களில் புதிதாக எழுதுங்கள். பஸ் நேரம் மாறியிருக்கும், பக்கத்தில் உட்காரும் ஆள் மாறியிருப்பான், எட்டாவதில் ஸ்பெஷல் கிளாஸ் சேர்ந்திருக்கும். ஏழாவதிலிருந்து பிள்ளையே எழுதட்டும், நீங்கள் வாசித்தால் போதும்.